கந்தக பூமி – 17: சுள்ளியை எடை போட்டவர்கள்

1922ல் கல்கத்தாவுக்கு ரயிலேறிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, 1923ல் சிவகாசியில் தொழில் தொடங்கியதைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்த வரலாற்றில் அவர்கள் இருவருக்கும் சேர வேண்டிய பேர் சேர்ந்துவிட்டது. உடனிருந்து உழைத்த வெயிலுக்குத்தான் இன்னும் சேரவில்லை.

தீப்பெட்டி என்பது தொடக்கம் முதல் முடிவு வரை காய வைக்கிற தொழில். மென்மரத்தை உரித்துச் சீவிய குச்சி காய வேண்டும். சட்டத்தில் அடுக்கி, மெழுகில் தோய்த்து, மருந்தில் முக்கியெடுத்த தலை காய வேண்டும். பெட்டியின் பக்கத்தில் தடவிய மருந்து காய வேண்டும். குச்சிக்கான மரம் கேரளத்திலிருந்து வந்தது. மருந்துச் சரக்கு வெளியூரிலிருந்து வந்தது. இந்த மண் தன் பங்காகக் கொடுத்தது காய்ச்சலான காற்றை. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் கரிசல் வெடித்துக் கிடக்கும்; முற்றத்தில் பரப்பியது எதுவும் பொழுது சாய்வதற்குள் மொறுமொறுத்துவிடும். விவசாயிக்குச் சாபமான வானம் தீப்பெட்டி ஆபீசுக்கு வரமானது.

அடைமழை நாட்களில் திருத்தங்கலிலும் சிவகாசியிலும் குச்சி நமுத்துப்போகும். தொழிலாளி அதைக் கையில் எடுத்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். நமுத்த குச்சியை உரசினால் தலை சீறும், மரம் பற்றாது. காரணம் எளியது. மரத்துக்குள் இருக்கும் நீர் முதலில் ஆவியாகியாக வேண்டும். கொதிநிலைக்கு வந்துவிட்ட ஒரு கிராம் நீரை ஆவியாக்க மட்டுமே சுமார் 540 கலோரி வெப்பம் செலவாகிறது. தலையில் இருக்கிற மருந்தின் சூடெல்லாம் அந்த நீருக்கே போய்விட்டால் மரத்தைப் பற்றவைக்க எதுவும் மிஞ்சாது. ஆகவே ஒரு குச்சி எரியுமா எரியாதா என்பதை முடிவு செய்வது நெருப்பைக் காட்டிலும் குச்சிக்குள் இருக்கும் நீர்தான்.

இதே கேள்வியை ஒரு மலை முழுவதற்கும் கேட்டால் என்ன ஆகும்? நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் திருத்தங்கல் குன்றிலிருந்து மேற்கே பார்த்தால், வானம் தெளிந்த நாளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். இங்கே குச்சியைக் காய வைக்கிற அதே காற்று அங்கே சருகையும் புல்லையும் காய வைக்கிறது. இங்கே காய்வதற்குக் கணக்கு உண்டு, காவல் உண்டு, உரிமம் உண்டு. அங்கே காய்வதை யார் அளந்தார்கள்? அந்த அளவையின் கதைதான் இந்த அத்தியாயம். அது பெரும்பகுதி வேறு நாடுகளில் நடந்த கதை. ஆனால் வந்து சேரும் இடம் நம் மலையடிவாரம்.

கையைத் தேடிய சட்டம்

மதராஸ் மாகாணத்தில் வனத்துறை உருவானது 1856ல். ஹியூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அதன் முதல் காப்பாளர். கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் மரம் தேவைப்பட்ட காலம் அது. காட்டை வருமானமாகப் பார்த்தவர்களுக்கு நெருப்பு என்பது வருமானத்தை எரிக்கிற எதிரி. 1864ல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரான ஜெர்மானியர் டீட்ரிச் பிராண்டிஸ் அந்தப் பார்வையைக் கொள்கையாக்கினார். மத்திய மாகாணத்தின் போரிக் காட்டில் கர்னல் பியர்சன் 1860களில் தீத்தடுப்பை முயன்று காட்டினார்: காட்டைச் சுற்றிக் கோடு போட்டுப் புல்லை அகற்று, காவல் போடு, வைக்கிறவனைப் பிடி. அது பலித்ததும் மற்ற மாகாணங்களுக்கும் பரவியது.

1882ல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. ஒதுக்குக் காட்டில் தீ வைப்பது குற்றமானது. வடக்கே பின்னர் வந்த 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 26ஆம் பிரிவும் அதையே விரித்துச் சொன்னது. வன அதிகாரி அறிவிக்கும் பருவங்கள் தவிர மற்ற நேரங்களில் ஒதுக்குக் காட்டுக்குள் நெருப்பை மூட்டுவதோ வைத்திருப்பதோ கொண்டு செல்வதோ கூடாது என்றது. ஆக, சட்டத்துக்குப் பருவம் என்ற ஒன்று இருப்பது தெரிந்திருந்தது. ஆனால் ஒரு பங்குனி மாதத்து நாளுக்கும் அடுத்த நாளுக்கும் வித்தியாசம் தெரியாது. நேற்று இரவு ஒரு மழை பெய்திருந்தாலும், மூன்று வாரமாகத் துளி விழாதிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றே.

மலையில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. புதுப்புல் துளிர்க்க எப்போது சுடலாம், எப்போது சுட்டால் கையை மீறும் என்பது ஆடு மாடு மேய்த்தவர்களின் தலைமுறை அறிவு. அந்த அறிவைக் குற்றப்பட்டியலில் சேர்த்ததோடு அது எழுத்தில் ஏறாமலே போயிற்று. வெள்ளை அதிகாரிகளுக்குள்ளேயே மாற்றுக் கருத்து எழாமலில்லை. பர்மாவில் தேக்குக் காட்டை நெருப்பிலிருந்து காத்துக் காத்து, கடைசியில் தேக்குக் கன்றே முளைக்காமல் போவதை ஹெர்பர்ட் ஸ்லேட் 1896ல் எழுதிக் காட்டினார். பிறகு அங்கே பிடி தளர்ந்தது. ஆனாலும் விவாதம் முழுவதும் தீ வைக்கலாமா, கூடாதா என்பதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. இன்றைக்கு இந்தக் காடு எவ்வளவு எரியத் தயாராக இருக்கிறது என்று எண்ணால் சொல்லலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அது தோன்றிய இடம் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம்.

நூறு கிராம் மரம்

1910 ஆகஸ்ட் 20, 21 ஆகிய இரண்டு நாட்களில் ஐடஹோவிலும் மோன்டானாவிலும் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. தீயணைக்கப் போனவர்கள் பலர் மாண்டார்கள். அப்போது ஐந்தே வயதாகியிருந்த அமெரிக்க வனத்துறைக்கு அது ஆறாத வடு. இனி எந்த நெருப்பையும் முளையிலேயே கிள்ளுவது என்று தீர்மானித்தார்கள். தீர்மானம் சரி, ஆள் வேண்டுமே! பல லட்சம் ஏக்கருக்கு எந்த நாளில் எங்கே எத்தனை பேரை நிறுத்துவது?

ஹாரி கிஸ்போர்ன் என்ற வன ஆய்வாளர் 1922ல் பிரீஸ்ட் ரிவர் ஆய்வுக் காட்டுக்கு வந்து சேர்ந்தார். நம் ஊர்க்காரர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறிய அதே ஆண்டு. அவர்கள் குச்சியை எரிய வைக்கக் கற்றுக்கொண்டிருந்தபோது, அவர் குச்சி எப்போது எரியும் என்று கற்க உட்கார்ந்தார். வெப்பம், காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம், மழை எல்லாவற்றையும் குறித்தார். இவை எல்லாம் சேர்ந்து காட்டுத்தரையில் கிடக்கும் மரத்தில் என்ன செய்கின்றன என்று அறிய, மரத்தையே கேட்பதுதான் வழி என்று முடிவு செய்தார்.

அரை அங்குலப் பருமனுள்ள பைன் குச்சிகளை வெயில் படும்படி கம்பித் தாங்கியில் வைத்துத் தினமும் எடை போட்டார்கள். அந்த முறை பின்னால் நிலைபெற்றபோது அதில் ஒரு நேர்த்தி வந்தது. அடுப்பில் முற்றாக உலர்த்திய நிலையில் குச்சிக் கட்டின் எடை சரியாக 100 கிராம் இருக்கும்படி வெட்டிவிடுவார்கள். காட்டில் வைத்த பிறகு தராசு 107 காட்டினால் ஈரம் 7 சதவீதம். 125 காட்டினால் 25 சதவீதம். வகுத்தல் பெருக்கல் எதுவும் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிந்த எந்தக் காவலரும் சொல்லிவிடலாம்.

1931ல் கிஸ்போர்ன் தீ அபாயமானி ஒன்றைச் செய்தார். புகைப்படக்காரர்கள் வெளிச்சத்தைக் கணிக்க வைத்திருந்த நழுவு அட்டை அவருக்கு முன்மாதிரி. ஈரத்தையும் காற்றையும் மற்றவற்றையும் பொருத்தி நகர்த்தினால் இன்றைய அபாயம் எத்தனையாவது படி என்று ஒரு துளையில் தெரியும். சட்டைப் பையில் அடங்கும் அட்டை. சட்டம் தீ வைத்த கையைத் தேடிய இடத்தில், இந்த அட்டை காய்ந்த சுள்ளியைப் பார்த்தது. காட்டுத்தீயைப் பற்றிய சிந்தனையில் நடந்த பெரிய திருப்பம் இதுவே என்பேன்.

1949 ஆகஸ்ட் 5 அன்று மோன்டானாவின் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் புல் சரிவு தீப்பற்றி 13 வீரர்கள் இறந்தார்கள். நெருப்பு ஏன் அவ்வளவு வேகமாக ஏறியது என்று அறிய, இதய நோயாளியான கிஸ்போர்ன் அதே ஆண்டு நவம்பரில் அந்தச் சரிவுக்கு நடந்து போனார். அங்கேயே மாரடைப்பில் இறந்தார். காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, பிற்பகல் காற்று: அந்த மூன்றும் நம் மலையில் ஒரு நாள் கூடவிருந்தன. அதற்குப் பிறகு வருவோம்.

சருகு, சுள்ளி, கட்டை

விறகடுப்பு மூட்டியவர்களுக்கு ஒரு ஒழுங்கு தெரியும். முதலில் சருகு, அதன் மேல் சுள்ளி, அது பிடித்த பிறகு கட்டை. காடும் அதே ஒழுங்கில்தான் எரிகிறது, அதே ஒழுங்கில்தான் காய்கிறது.

செத்த மரம் எதுவும் சும்மா கிடப்பதில்லை. சுற்றியுள்ள காற்றோடு ஓயாமல் ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும் விடியற்காலையில், மெல்லிய சருகு தன் உலர் எடையில் 15 சதவீதம் வரை ஈரத்தை இழுத்து நமுத்துக் கிடக்கும். அதே சருகு, ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு இறங்கிய 35 டிகிரி மதியத்தில் 4 சதவீதத்துக்கு வந்துவிடும். குட்டைப் புல்லில் ஈரம் 12 முதல் 15 சதவீதத்தைத் தாண்டினால் நெருப்பு தானாகப் பரவத் தடுமாறும். ஆகவே ஒரே சரிவு, ஒரே நாளில், காலை ஏழு மணிக்குப் பற்றாத இடமாகவும் பிற்பகல் இரண்டு மணிக்கு வெடிக்கிற இடமாகவும் இருக்க முடியும்.

பருமன் கூடக் கூட இந்தக் கொடுக்கல் வாங்கல் மெதுவாகும். அமெரிக்கர்கள் 1970களில் தங்கள் நாடு முழுமைக்கும் ஒரு மதிப்பீட்டு முறை கொண்டுவந்தபோது எரிபொருளை நேரத்தால் வகுத்தார்கள். கால் அங்குலத்துக்குக் குறைந்த புல்லும் சருகும் 1 மணி நேர எரிபொருள். ஒரு அங்குலம் வரையுள்ள சுள்ளி 10 மணி நேரம். மூன்று அங்குலம் வரை 100 மணி நேரம். அதற்கு மேல் எட்டு அங்குலம் வரையுள்ள கட்டைக்கு 1000 மணி நேரம், அதாவது சுமார் ஆறு வாரம். காற்று மாறினால், புதிய நிலைக்கும் பழைய நிலைக்கும் இடையிலான தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை அந்த எரிபொருள் கடக்க ஆகும் காலம் இது.

இதிலிருந்து ஒன்று புரியும். இன்றைய வெயிலைப் பார்த்து இன்றைய அபாயத்தைச் சொல்ல முடியாது. சருகுக்கு இன்றைய மதியம் போதும். கட்டைக்கு இரண்டு மாத வானிலை வேண்டும். ஒரு தூறல் விழுந்தால் சருகு நனையும், கட்டை கண்டுகொள்ளாது. மறுநாள் சருகு காய்ந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ‘நேற்றுத்தானே மழை பெய்தது’ என்ற சமாதானம் மலையில் செல்லாததற்குக் காரணம் இதுதான்.

பேரேட்டுக் கணக்கு

இந்தப் பல வேகக் காய்ச்சலை ஒரு தாளில் கொண்டுவந்தவர்கள் கனடாக்காரர்கள். ஜேம்ஸ் ரைட் 1920களில் தொடங்கியதை, அவரோடு சேர்ந்த ஹெர்பர்ட் பீல் பெட்டவாவா ஆய்வு நிலையத்தில் வளர்த்தார். தரையில் எண்ணற்ற சிறு நெருப்புகளை மூட்டிப் பார்த்துக் குறித்த கணக்கு அது. அதன் மேல் நின்று 1970ல் உருவான தீ வானிலைச் சுட்டெண்ணில் சார்லஸ் வான் வாக்னரின் பங்கு பெரியது.

அதற்குத் தேவை நான்கே அளவுகள்: நண்பகல் வெப்பம், நண்பகல் ஈரப்பதம், நண்பகல் காற்று, முந்தைய 24 மணி நேர மழை. பிற்பகலில் நெருப்பு உச்சத்துக்கு வருவதற்குள் முடிவெடுக்க வேண்டும் என்பதால் நண்பகல். இந்த நான்கிலிருந்து மூன்று ஈரக் கணக்குகள் ஓடும். மேலே கிடக்கும் மெல்லிய சருகுக்கு ஒன்று. அதற்கு ஒரு நாளுக்குள்ளான நினைவு. அடியில் தளர்வாக மக்கிய அடுக்குக்கு ஒன்று. பன்னிரண்டு நாள் நினைவு. ஆழத்தில் இறுகிய அடுக்குக்கு ஒன்று. சுமார் 52 நாள் நினைவு. சருகுக் கணக்கு அரை மில்லிமீட்டர் வரையிலான மழையைப் பொருட்படுத்தாது. நடு அடுக்கு 1.5 மில்லிமீட்டர் வரை கண்டுகொள்ளாது. ஆழ் அடுக்குக்கு 2.8 மில்லிமீட்டரைத் தாண்டியாக வேண்டும்.

சிவகாசிக் கடைத்தெருவில் இதை விளக்க வேண்டியதே இல்லை. இது பேரேடு. நேற்றைய இருப்பை எடுத்துக்கொள், இன்றைய வரவான மழையைச் சேர், செலவான வெயிலைக் கழி, இருப்பைக் கட்டி நாளைக்குக் கொண்டுபோ. ஒரு நாள் விட்டுவிட்டால் மறுநாள் கணக்கு நிற்காது. இந்த மூன்று இருப்புகளோடு காற்றைக் கூட்டி, நெருப்பு எவ்வளவு வேகமாகப் பரவும், எவ்வளவு எரிபொருள் தயாராக இருக்கிறது என்ற இரண்டையும் பெற்று, இறுதியில் ஒரே எண்ணாகச் சுருக்கினார்கள். கணினி இல்லாத காலத்தில் அட்டவணையும் பென்சிலுமே போதுமாயிருந்தன.

மற்ற நாடுகளும் தத்தம் வழியில் போயின. சோவியத் நாட்டில் நெஸ்தெரோவ் 1949ல் கொடுத்த முறை இன்னும் எளிது: வெப்பத்தையும், வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் உள்ள இடைவெளியையும் பெருக்கி, நல்ல மழை பெய்யும் வரை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போவது. ஆஸ்திரேலியாவில் ஆலன் மெக்கார்தர் 1960களில் வட்ட அட்டை செய்தார். 1939 ஜனவரி 13 அன்று விக்டோரியாவில் 71 பேரைப் பலிகொண்ட நெருப்பின் வானிலையை 100 என்று வைத்து, அதற்கு மேல் போகாது என்று நினைத்தார். 2009 பிப்ரவரி 7 அன்று 173 பேர் இறந்தபோது எண் நூறைத் தாண்டியது. அதன் பிறகே அளவுகோலின் உச்சியில் புதிய படி ஒன்றைச் சேர்த்தார்கள். இயற்கைக்கு நாம் போடும் உச்சவரம்பை அது படித்துப் பார்ப்பதில்லை.

நம் மலையின் நாட்காட்டி

இந்தக் கணக்கை ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்குப் பொருத்திப் பார்ப்போம். 1988ல் சாம்பல் நிற அணிலுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான மலை. அடிவாரத்தில் முட்புதர், அதற்கு மேல் இலையுதிர் காடு, ஓடைகளை ஒட்டிப் பசுமை, உச்சிகளில் புல்வெளி. அடிவாரத்துத் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏறுகிறவர்கள் இந்த அடுக்குகளை அரை நாளில் கடந்துவிடுவார்கள்.

மார்கழியோடு வடகிழக்குப் பருவமழை ஓயும். அந்த மழையில் ஆளுயரம் வளர்ந்த புல் தையில் பழுத்து மாசியில் காயும். அதே மாசியில் மரங்கள் இலையை உதிர்க்கும். எரிபொருள் கூடுவதும் காய்வதும் ஒரே சமயத்தில் நடக்கிற மாதம் அது. இலை உதிர்ந்ததால் நிழலும் போய்விடுகிறது. வெயில் நேராகத் தரையில் விழுகிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் காடு பத்திரம் என்று சமவெளிக்காரர்கள் நினைப்பார்கள். உண்மை பெரும்பாலும் நேர்மாறு. கார்த்திகை மழை கூடினால் மாசியில் புல்லும் கூடும். சித்திரை, வைகாசியில் கோடை மழை ஒன்றிரண்டு விழுந்தால்தான் பேரேட்டில் இருப்பு ஏறும்.

ஆடியில் இன்னொரு கதை. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, முகடு தாண்டி நம் பக்கம் இறங்கும்போது வெறும் காற்றாக வருகிறது. இறங்க இறங்கச் சூடேறும், வறளும். முகட்டுக்கு அந்தப் பக்கம் அட்டை கடிக்கிற ஈரம். இந்தப் பக்கம் சருகு பறக்கிற காற்று. கேரளத்தில் நெருப்புக் காலம் முடிந்துவிட்டது என்று மூச்சு விடும் மாதத்தில், கிழக்குச் சரிவில் இன்னொன்று தொடங்கக்கூடும். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரியில் கூட்டம் கூடுவதும் அப்போதுதான். மாநிலம் முழுமைக்கும் ஒரே ‘தீப் பருவம்’ என்று தேதி குறித்துவிட்டுப் போவது இந்தச் சரிவுக்குப் பொருந்தாது என்பதை இந்த ஒரு மாதமே காட்டிவிடும்.

வெயில் ஏறினால் காடும் மலையும் பாலையாகத் திரியும் என்ற கருத்து சிலப்பதிகாரத்தில் வருகிறது. தங்கால் என்று இந்தத் திருத்தங்கலின் பேரையும் சொல்லும் நூல் அது. பாலையை அது தனி நிலமாகப் பார்க்காமல், நிலத்துக்கு வந்து போகிற நிலையாகப் பார்த்தது. தீ அபாயக் கணக்கின் அடிப்படையும் அதுவே. அபாயகரமான காடு என்று ஒன்று நிரந்தரமாக இருப்பதில்லை. அபாயகரமான நாட்கள் இருக்கின்றன.

2018 மார்ச் 11

அப்படி ஒரு நாள் நம் மலைத்தொடரிலேயே, வடக்கே தேனி மாவட்டத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிற்பகலில் சரிவில் பரவிய நெருப்பு அவர்களைச் சூழ்ந்தது. மருத்துவமனைகளில் அடுத்தடுத்து நேர்ந்த மரணங்களோடு பலி 23ஐ எட்டியது. அரசு விசாரணை நடத்தியது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கு விதிகளும் வந்தன.

யார் தீ வைத்தது, யார் அனுமதித்தது என்பதே அப்போது நாடு முழுவதும் எழுந்த கேள்வி. நியாயமான கேள்விகள்தான். ஆனால் 1882ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டதும் அதையேதான். கிஸ்போர்ன் கேட்டிருக்கக்கூடிய கேள்வி வேறு: அன்று நண்பகலில் அந்தப் புல்லில் ஈரம் எவ்வளவு?

சரிவு பத்து டிகிரி கூடினால் மேல்நோக்கி ஏறும் நெருப்பின் வேகம் இரட்டிப்பாகும், இருபது டிகிரியில் நான்கு மடங்காகும் என்பது மெக்கார்தர் தந்த கணக்கு. மேலே இருக்கிற புல்லை நெருப்பே முன்கூட்டிச் சூடாக்கிக் காய வைத்துவிடுவதால் வருகிற வேகம் அது. மலையில் பிற்பகல் காற்றும் பள்ளத்திலிருந்து மேலே வீசும். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் காய்ந்த புல்லின் நடுவே நிற்கிற மனிதர் ஓடித் தப்புவது அரிது. மார்ச் மாதத்தில், காய்ந்த புல் சரிவில், பிற்பகலில் யாரும் இருக்கக் கூடாது என்பதைச் சொல்ல நுட்பமான கருவிகூடத் தேவையில்லை. தேவைப்பட்டது, அதைக் காலையிலேயே சொல்லும் கடமையுள்ள ஒருவரும், அதைக் கேட்டுப் பாதையை அடைக்கும் அதிகாரமுள்ள இன்னொருவரும்.

வானிலிருந்து வரும் குறுஞ்செய்தி

தேராதூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004லிருந்து செயற்கைக்கோள் வழியே தீ எச்சரிக்கை அனுப்புகிறது. முதலில் வந்த மோடிஸ் கருவிக்குத் தரையில் ஒரு கிலோமீட்டர் ஒரு புள்ளி. 2017ல் சேர்ந்த வீர்ஸ் கருவிக்கு 375 மீட்டர். பதிவு செய்தவர்களுக்கு எந்தக் காவல் பகுதியில் (பீட்டில்) எரிகிறது என்று குறுஞ்செய்தி வரும். பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் அது பற்றிய பிறகு வருகிற செய்தி. கோள் தலைக்கு மேல் கடந்த நேரத்துக்கும் அடுத்த முறை கடக்கும் நேரத்துக்கும் நடுவே ஒரு புல் சரிவு முழுதும் எரிந்து அடங்கிவிடலாம்.

பற்றுவதற்கு முன் சொல்லும் வேலையை அபாய மதிப்பீடு செய்ய வேண்டும். கனடாவின் சுட்டெண்ணை அடிப்படையாகக் கொண்ட மதிப்பீடும் இப்போது இந்தியாவில் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. அதை எடுத்தாளும்போது இரண்டு இடங்களில் நிதானம் வேண்டும். ஒன்று, கனடாவின் ஊசியிலைக் காட்டுத்தரையில் மக்கு அடுக்கு அடுக்காகத் தேங்கிக் கிடக்கும். நம் இலையுதிர் காட்டில் கறையான் அவ்வளவு சேர விடாது. நம் அபாயம் மேலே கிடக்கும் சருகிலும் நிற்கிற புல்லிலும்தான் பெரும்பாலும் இருக்கிறது. இரண்டு, வானிலை மாதிரிகளின் கட்டங்கள் அகலமானவை. பிளவக்கல் அணையும் அதற்கு மேலுள்ள முகடும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிட்டால், அந்த எண் இரண்டுக்கும் பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் காட்டுத்தீயில் 95 சதவீதம் மனிதரால் வருவது என்பது அரசுக் கணக்கு. கனடாவில் மின்னல் செய்கிற வேலையை இங்கே அணையாத பீடி, அடிவாரத் தோப்பில் கூட்டி எரித்த சருகு, வழியில் ஏற்றிய கற்பூரம், வேண்டுமென்றே வைத்த தீ ஆகியவை செய்கின்றன. அப்படியானால் வானிலைக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். மனிதர் கை எல்லா நாளும் மலையில் இருக்கிறது. எல்லா நாளும் மலை எரிவதில்லை. கை தவறுவது எந்த நாளில் பொறுக்கப்படும், எந்த நாளில் பொறுக்கப்படாது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எண் எகிறிய சிவப்பு நாளில் தாணிப்பாறைப் பாதையை அடைக்கலாம், தோப்புக்காரர்களிடம் இன்று சருகை எரிக்காதீர்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லலாம், காவலர்களைப் புல் சரிவுகளின் அடியில் நிறுத்தலாம். எண் தாழ்ந்த பச்சை நாளில் தீத்தடுப்புக் கோட்டைத் துப்புரவு செய்யலாம். கோட்டிலுள்ள புல்லைக் கட்டுப்படுத்திச் சுட்டுத் தீர்ப்பதற்கும் அதுவே நாள். எல்லா நாளும் உஷார் என்று சொன்னால் எந்த நாளும் யாரும் உஷாராக இருக்க மாட்டார்கள்.

இதற்கான செலவு பெரிதல்ல. சரிவில் வெவ்வேறு உயரங்களில் ஒரு வெப்பமானி, ஒரு ஈரப்பதமானி, ஒரு மழைமானி, ஒரு காற்றுமானி, நூறு கிராம் எடையுள்ள குச்சிக் கட்டு, தினம் நண்பகலில் எழுத ஒரு ஆள், விடுபடாத பேரேடு. பட்டாசு ஆலையில் ஒரு அறைக்கு எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று சட்டம் எண்ணி வைத்திருக்கிறது. அந்த எண்ணை மீறிய இடங்களில் என்ன நடந்தது என்று இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் தெரியும். மருந்தைக் கிராம் கணக்கில் எண்ணக் கற்ற ஊர் இது. மேற்கே டன் கணக்கில் காய்ந்து கிடக்கும் சரக்குக்கும் இருப்புப் புத்தகம் கேட்க இந்த ஊருக்கு மற்ற எந்த ஊரையும்விட உரிமை அதிகம், காரணமும் அதிகம்.

எண் தெரிந்தால் மட்டும் போதாது. சிவப்பு நாளில் மலையில் நிற்க ஆள் வேண்டும். தீத்தடுப்புக் கோடு வெட்டியவர்கள், பச்சைக் கிளையை ஒடித்து நெருப்பை அடித்தவர்கள், சம்பளப் பட்டியலில் பாதி நாள் பேர் இல்லாமல் காவல் காத்தவர்கள், அவர்களுக்கு வழிகாட்டிய பளியர் பழங்குடியினர். அவர்களை அடுத்த இதழில் சந்திப்போம்.

(தொடரும்)